எண்ணெயாக்கும் முன் நிலக்கரியைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரியிலிருந்து டீசல், நாப்தா எடுக்கும் ஆலை என்றாலே பேச்சு ரியாக்டரைச் சுற்றித்தான் போகும். ஆனால் ரியாக்டரில் தெரியும் கோளாறுகளில் பல வாஷரியிலோ (நிலக்கரியைக் கழுவும் கூடம்), அரைக்கும் மில்லிலோ, ஸ்லரித் தொட்டியிலோ (தூளை எண்ணெயில் குழைக்கும் இடம்) பிறந்தவை. அந்த முன்வேலை பற்றிய கேள்விகளே இங்கே. பெரும்பகுதி நேரடித் திரவமாக்கலுக்கானது. வாயு வழி கடைசியில் வருகிறது.

நேரடி முறை, வாயு வழி: முதலில் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

நேரடி முறையில் நிலக்கரித் தூளை எண்ணெயில் குழைத்து, உயர் அழுத்த ஹைட்ரஜனோடு 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதன் மூலக்கூறுகளையே உடைத்து எண்ணெயாக்குகிறார்கள். ஃப்ரீட்ரிக் பெர்கியுஸ் 1913-இல் காப்புரிமை பெற்ற வழி இது. 1927-இல் ஜெர்மனியின் லாய்னாவில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு தொழிற்சாலை அளவில் ஓடத் தொடங்கியது. இன்றைய பெரிய உதாரணம் சீனாவின் உள் மங்கோலியாவில், ஓர்டோஸில், ஷென்ஹுவா நிறுவனம் 2008 இறுதியில் ஓட்டத் தொடங்கிய ஆலை. ஒரே வரிசையில் நாளுக்குச் சுமார் 6,000 டன் உலர் நிலக்கரி. ரியாக்டர் நிலை சுமார் 455 டிகிரி செல்சியஸ், 190 பார் அழுத்தம்.

வாயு வழியில் நிலக்கரியை முதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக உடைத்துவிட்டு, பிறகு ஃபிஷர்–டிராப்ஷ் வினையால் எண்ணெயாகக் கோர்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் செகுண்டாவில் சசோல் நடத்துவது இந்த வழி.

தயாரிப்பில் இரண்டும் இரு துருவங்கள். வாயு வழியில் நிலக்கரியின் மூலக்கூறு அமைப்பு எப்படி இருந்தாலும் கவலையில்லை. கட்டியின் அளவும் சாம்பல் உருகும் வெப்பநிலையும்தான் பேசும். நேரடி முறைக்கு நிலக்கரியின் பிறவிக் குணமே எல்லாம்.

நேரடி முறைக்கு எந்த நிலக்கரி ஏற்றது? ஆய்வறிக்கையில் எதைப் பார்ப்பது?

கலோரி மதிப்பை முதலில் பார்ப்பவர்கள் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள். அது பாய்லர்காரர்கள் பார்க்கும் எண். இங்கே பார்க்க வேண்டியவை வேறு.

ஹைட்ரஜன்–கார்பன் அணு விகிதம் 0.75-க்கு மேல் இருந்தால் நல்லது. ஈரமும் சாம்பலும் நீக்கிக் கணக்கிட்ட ஆவிப்பொருள் (சூடாக்கினால் ஆவியாகி வெளியேறும் பகுதி) 37 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். அதே கணக்கில் கார்பன் 70 முதல் 85-க்குள். இதைத் தாண்டி முதிர்ந்த நிலக்கரியை உடைக்கவே ஹைட்ரஜன் போதாது. இளம் நிலக்கரியிலோ ஆக்சிஜன் அதிகம். தண்ணீராக வெளியேறும் ஒவ்வொரு 8 கிலோ ஆக்சிஜனும் 1 கிலோ ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டு போகும். ஹைட்ரஜன்தான் இந்த ஆலையின் விலையுயர்ந்த சரக்கு.

அடுத்தது மேசரல் பகுப்பு. தாவர மிச்சங்கள் எந்த வடிவில் நிலக்கரியாயின என்பதை நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்லும் அறிக்கை அது. அந்த வடிவங்கள்தான் மேசரல்கள். அவற்றில் விட்ரினைட்டும் லிப்டினைட்டும் கரையும். இனெர்டினைட் பெரும்பாலும் கரையாமல் அப்படியே மறுபக்கம் வரும். அது 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. சாம்பல், கழுவிய பின் 10-க்குக் கீழ். 5 என்றால் இன்னும் நல்லது.

சாம்பல் ஒன்றிரண்டு சதவீதம் கூடினால் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். மற்ற எதையும்விடப் பெரிய விஷயம். பாய்லரில் சாம்பல் கூடினால் சாம்பலை மட்டும் அள்ளிப் போடலாம். இங்கே அது எண்ணெயைக் கையோடு இழுத்துப் போகும்.

வினை முடிந்ததும் வெற்றிட வடிகோபுரத்தின் அடியில் சாம்பல், கரையாத நிலக்கரி, வினையூக்கி எல்லாம் கனமான எண்ணெயோடு சேர்ந்து தங்கும். அந்தக் கசடு குழாயில் ஓட வேண்டுமென்றால் திடப்பொருள் ஏறத்தாழ பாதிக்கு மேல் போகக் கூடாது. அதாவது ஒவ்வொரு டன் திடப்பொருளும் ஏறக்குறைய ஒரு டன் எண்ணெயை எடுத்துக்கொண்டுதான் வெளியேறும்.

100 டன் உலர் நிலக்கரிக்குப் போட்டுப் பாருங்கள். சாம்பல் 5 டன். மீதி 95 டன்னில் பத்தில் ஒரு பங்கு கரையவில்லை என்றால் 9.5 டன். வினையூக்கியும் கந்தகமுமாக 2 டன். மொத்தம் 16.5 டன் திடப்பொருள், அதோடு போகும் எண்ணெயும் 16.5 டன். சாம்பலை 10 டன் ஆக்குங்கள்: 10, 9, 2 சேர்ந்து 21 டன். கசடோடு போகும் எண்ணெய் 4.5 டன் கூடிவிட்டது. இது தவிர, கரைய வேண்டிய கரிமப் பொருளே 5 டன் குறைந்ததால் இன்னொரு 3 டன் எண்ணெய் உருவாகவே இல்லை. கிடைக்க வேண்டிய 55 டன்னில் 7.5 டன் போச்சு. சாம்பலில் ஒரு சதவீதத்துக்கு ஒன்றரை டன் எண்ணெய் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிரஷர் குறைக்கும் வால்வில் சாம்பல் மணல்காகிதம்போல் தேய்ப்பது தனிக் கணக்கு.

அப்படியானால் எப்படிக் கழுவுவது?

முதலில் மிதவை–அமிழ்வுச் சோதனை. 1.3, 1.4, 1.5, 1.6 அடர்த்தியுள்ள திரவங்களில் மாதிரியை வரிசையாகப் போட்டு, எதில் எவ்வளவு மிதக்கிறது, மிதந்ததில் சாம்பல் எவ்வளவு என்று அளப்பது. திரவமாக துத்தநாகக் குளோரைடுக் கரைசலைப் பயன்படுத்தினால் மாதிரியை நன்றாகக் கழுவிவிடுங்கள். அந்த உப்பே நிலக்கரியை உடைக்கும் வினையூக்கி. கழுவாத மாதிரியை ஆட்டோகிளேவில் (உயர் அழுத்தச் சோதனைக் கலம்) போட்டால், இல்லாத குணத்தை நிலக்கரியின் பேரில் எழுதிவிடுவீர்கள்.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று: வெட்டு அடர்த்திக்கு (நிலக்கரியையும் கல்லையும் பிரிக்கத் தேர்ந்த அடர்த்தி) மேலும் கீழும் 0.1-க்குள் விழும் சரக்கு எவ்வளவு என்பது. 7 சதவீதத்துக்குள் என்றால் சுலபமாகக் கழுவலாம். 10 முதல் 15 என்றால் கடினம். 25-ஐத் தாண்டினால் இயந்திரம் எவ்வளவு நல்லதானாலும் பிரிப்பு கலங்கலாகவே இருக்கும்.

ஆலையில், உடைத்த நிலக்கரியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தூளைத் தண்ணீர் பீய்ச்சிப் பிரிக்கிறார்கள். பெரியதை மேக்னடைட் (காந்தம் பிடிக்கும் இரும்புத் தாது) தூள் கலந்த தண்ணீரோடு கன ஊடகச் சைக்ளோனுக்கு, அதாவது சுழற்றிப் பிரிக்கும் கூம்புக்கு, அனுப்புவார்கள். அந்த மேக்னடைட் பெரும்பாலும் 45 மைக்ரானுக்குக் கீழ் அரைத்ததாக இருக்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் ஊடகம் படிந்து அடர்த்தி நிலையாக நிற்காது. சைக்ளோன் மேல்வழியில் நிலக்கரி, கீழ்வழியில் கல். பிறகு சல்லடையில் தண்ணீர் அடித்து மேக்னடைட்டை மீட்டு, காந்த உருளையில் பிடித்துத் திருப்பி விடுவார்கள். பிரித்த தூளுக்கு நுரைமிதப்பு, அதாவது நிலக்கரியைக் காற்றுக் குமிழில் ஒட்டவைத்து மிதக்கவிடுவது: டன்னுக்கு ஒரு கிலோவுக்குள் டீசல் அல்லது மண்ணெண்ணெய், கொஞ்சம் நுரைப்பான்.

குறைந்த அடர்த்தியில் வெட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. இனெர்டினைட் விட்ரினைட்டைவிடக் கனம். 1.4-இல் வெட்டினால் கல்லோடு சேர்த்து கரையாத மேசரலிலும் ஒரு பகுதி அமிழ்ந்து போகும். சாம்பல் குறைந்ததால் கிடைத்தது என்று நினைக்கும் முன்னேற்றத்தில் ஒரு பங்கு உண்மையில் இதனால் வந்தது.

கழித்துப் போட்ட, கல்லும் நிலக்கரியும் கலந்த நடுத்தரச் சரக்கு வீணா?

இல்லை. இந்த ஆலைக்கு ஹைட்ரஜனும் நீராவியும் எப்படியும் வேண்டும். அந்த நிலக்கரி பாய்லருக்கோ வாயுவாக்கிக்கோ போகட்டும். ஒரே சரக்கை எல்லாவற்றுக்கும் ஓட்டப் பார்ப்பதுதான் வீண்.

பைரைட்டையும் நீக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். மின்நிலையத்தில் எதிரியாக இருக்கும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இங்கே கூட்டாளி. ஹைட்ரஜனில் சூடாகும்போது அது பைரோட்டைட் ஆகிறது. இரும்பு வினையூக்கிகளில் வேலை செய்யும் வடிவமும் அதுதான். நுண்ணிய துகளாக நிலக்கரியில் பரவிக் கிடக்கும் பைரைட்டை விட்டுவைக்கலாம். கட்டியாக இருப்பது மில்லைத் தேய்க்கும். அது கன ஊடகத்தில் தானே போய்விடும்.

இந்திய நிலக்கரி இதற்கு ஒத்து வருமா?

ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்து கோண்டுவானா நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம். அதுவும் வெளியிலிருந்து கலந்த கல் அல்ல, இழை இழையாக உள்ளேயே ஊறிய களிமண். மேலே சொன்ன 0.1 கணக்கும் மோசம், இனெர்டினைட்டும் அதிகம். நேரடி முறைக்கு இதை இழுப்பது நிலக்கரியோடு மல்லுக்கட்டுவது. வாயு வழிதான் இதற்கு இடம்.

அசாமின் மார்கரிட்டா பக்கத்து மாகும் நிலக்கரி வேறு ஜாதி. சாம்பல் குறைவு, விட்ரினைட் மிகுதி, கந்தகம் அதிகம். அந்தக் கந்தகத்தில் பெரும்பங்கு மூலக்கூறோடு பிணைந்தது, கழுவினால் போகாது. ஆனால் எண்ணெயாக்க அது தடையில்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வந்துவிடும். ஆயில் இந்தியா நிறுவனம் துலியாஜானில் நாளுக்கு 25 கிலோ நிலக்கரி ஓட்டும் சோதனை ஆலை அமைத்தது இதை மனதில் வைத்துத்தான்.

நெய்வேலி லிக்னைட்டில் சாம்பல் பிரச்சினை சிறியது. தண்ணீர்தான் பெரியது. அங்கே பழைய உரத் தொழிற்சாலை லிக்னைட்டை வாயுவாக்கித்தான் யூரியா செய்தது.

பாதி தண்ணீராக இருக்கும் லிக்னைட்டை உலர்த்த எவ்வளவு செலவாகும்?

100 டன் லிக்னைட், ஈரம் 50 சதவீதம். 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உலர் பொருள் 50 டன் மாறாது, அதை 0.9-ஆல் வகுத்தால் 55.6 டன். ஆக, ஆவியாக்க வேண்டிய தண்ணீர் 44.4 டன். நடைமுறை இழப்போடு டன்னுக்கு 2.9 கிகாஜூல் என்று வைத்தால் கிட்டத்தட்ட 129 கிகாஜூல். கிலோவுக்கு 2,500 கிலோகலோரி உள்ள அந்த லிக்னைட்டில் மொத்தமே சுமார் 1,050 கிகாஜூல்தான். எட்டில் ஒரு பங்கு வெறும் தண்ணீரை விரட்டவே போகிறது.

இதனால்தான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மோர்வெல்லில், 1980-களில் ஜப்பானியர் நடத்திய நாளுக்கு 50 டன் சோதனை ஆலையில் வேறு வழி பிடித்தார்கள். ஈர நிலக்கரியை நேராகக் கரைப்பான் எண்ணெயில் கலந்து, அந்த எண்ணெயிலேயே தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எழும் நீராவியை அமுக்கி அதன் வெப்பத்தைத் திரும்ப எடுத்தார்கள். காற்று படாததால் நிலக்கரி ஆக்சிஜனேறவும் இல்லை.

எவ்வளவு உலர்த்துவது? எலும்பு காய உலர்த்தினால் இன்னும் நல்லதுதானே?

பிட்டுமினஸ் வகைக்கு (லிக்னைட்டைவிட முதிர்ந்த கருநிலக்கரி) 2 முதல் 4 சதவீத ஈரம் வரை கொண்டுவந்தால் போதும். விட்டுவைத்த ஈரம் ரியாக்டரில் நீராவியாகி ஹைட்ரஜனின் பகுதி அழுத்தத்தைத் தின்னும். நாளுக்கு 6,000 டன் ஓடும் ஆலையில் ஒரு சதவீத ஈரம் என்றால் 60 டன் தண்ணீர். சூடான ஸ்லரித் தொட்டியில் அதே ஈரம் பால் பொங்குவதுபோல் நுரைத்து மேலேறும். மட்டம் காட்டும் கருவி தொட்டி நிறைந்ததாகச் சொல்லும், பம்ப்போ வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும்.

மறுபக்கம், இளம் நிலக்கரியை அடியோடு உலர்த்தினால் நுண்துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். கரைப்பான் உள்ளே போகாது. அப்படிக் காய்ந்த தூள் காற்றுப் பட்டதும் தானே சூடேறவும் தொடங்கும்.

எவ்வளவு நைஸாக அரைக்க வேண்டும்?

பொதுவான இலக்கு, 80 சதவீதம் 75 மைக்ரான் சல்லடையைக் கடக்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் ஸ்லரி நிற்கும் இடத்திலெல்லாம் அடியில் படியும். இன்னும் மாவாக்கினால் வினை வேகம் பெரிதாகக் கூடாது, ஸ்லரி கெட்டிப்படும், மின்சாரமும் வீண்.

மில்லில் தீப்பிடிக்காமல் இருக்க?

அரைப்பதும் உலர்த்துவதும் ஒரே பவுல் மில்லில், சூடான வாயு ஓட்டத்தில் நடக்கும். அந்த வாயுவில் ஆக்சிஜன் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எரிவாயுச் சூளையின் புகையையே சுற்றிவிட்டு, குறைபாட்டை நைட்ரஜனால் ஈடுகட்டுவார்கள். ஆபத்து சீராக ஓடும் நேரத்தில் அதிகமில்லை. நிறுத்தும்போதும் தொடங்கும்போதும்தான். நிலக்கரி வரத்து நின்றதும் மில் வெளிவாயின் வெப்பம் சட்டென ஏறும், உள்ளே மிச்சத் தூள் கிடக்கும், காற்றும் கசிந்து வரும். நிறுத்தும் வரிசை இது: முதலில் சூட்டைக் குறைப்பது, பிறகு நிலக்கரியை நிறுத்துவது, மில்லைக் காலியாக ஓட்டித் துடைப்பது, கடைசியில் நைட்ரஜன் நிரப்புவது.

தூளைப் பிடிக்கும் துணிப்பை வடிகட்டியான பேக் ஃபில்டரின் கூம்பு அடியில் தூள் தங்கினால் அங்கிருந்தே புகையும். அதைக் காட்டிக்கொடுப்பது வெப்பமானி அல்ல, கார்பன் மோனாக்சைடு அளவி. தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அரை அடி தள்ளி இருக்கும் வெப்பமானிக்குச் சேதி போவதற்குள் உள்ளே கங்கு பிடித்திருக்கும்.

வினையூக்கியை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

ஸ்லரி கலக்கும்போது. ஆனால் தயாரிப்பு அதற்கு முன்பே தொடங்குகிறது. ஷென்ஹுவா முறையில் நிலக்கரித் தூளில் ஒரு பகுதியை எடுத்து, அதன்மேல் இரும்புச் சல்ஃபேட்டை அமோனியாவால் படியவைத்து, காற்றூதி இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடாக்குகிறார்கள். நிலக்கரியே சுமைதாங்கி. தனித் தூளாகச் சேர்த்தால் இரும்பு திரண்டு பயனிழக்கும். உலர் நிலக்கரிக்கு இரும்பு 0.5 முதல் 1 சதவீதம்.

கூடவே கந்தகம். ஒரு இரும்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணு என்பது வழக்கம். எடைக்கணக்கில் 1 கிலோ இரும்புக்கு 1.15 கிலோ. இதில் கஞ்சம் பிடித்தால் இரும்பு ஆக்சைடாகவே நின்றுவிடும், கரைவு விழும். காரணம் தெரியாமல் வெப்பநிலையை ஏற்றுவார்கள், கோக் (கெட்டிக் கரி) படியும்.

ஸ்லரியில் நிலக்கரி எவ்வளவு?

சுமார் 45 சதவீதம். மீதி, ஆலையிலேயே எடுத்து ஹைட்ரஜனேற்றித் திருப்பி அனுப்பும் நடுத்தர, கன எண்ணெய். அது வெறும் சுமக்கும் எண்ணெய் அல்ல, உடையும் நிலக்கரிக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுக்கிற கரைப்பான்.

குளிர்ந்த நிலையில் பம்ப் செய்ய வந்தால் போதும் என்று விகிதத்தை முடிவு செய்யாதீர்கள். முன்சூடாக்கிக் குழாயில் 250 டிகிரியைத் தாண்டும்போது நிலக்கரி கரைப்பானை உறிஞ்சி அரிசிபோல் ஊதும், ஸ்லரி கூழாகும். இன்னும் சூடானால் கரைந்து இளகும். அந்த நடுக்கட்டத்தில் அழுத்த இழப்பு ஏறி, ஓட்டம் மந்தமாகி, குழாய்ச் சுவரில் கோக் ஒட்டும். ஹைட்ரஜனில் ஒரு பங்கை முன்சூடாக்கிக்கு முன்பே கலந்து ஓட்டத்தைக் கலக்கிவைப்பது இதற்குத்தான்.

உயர் அழுத்தப் பம்ப்பின் வால்வு அடிக்கடி அடைக்கிறது. ஏன்?

பெரும்பாலும் நிலக்கரி காரணமில்லை. மரச்சிம்பு, கன்வேயர் பெல்ட்டின் நார், வெடிவைத்த கம்பித் துண்டு. இரும்பைக் காந்தம் பிடிக்கும். செம்புக் கம்பியையும் மரநாரையும் பிடிக்காது. மரநார் மில்லில் பொடியாகாது, நீளவாக்கில் கிழியும். சல்லடைக் கண்ணில் நெட்டுக்குத்தாக நுழைந்து, வால்வு இருக்கையில் படுக்கையாக விழும். வால்வு முழுதாக மூடாது, அந்த முடியளவு இடுக்கில் ஸ்லரி பீய்ச்சி டங்ஸ்டன் கார்பைடையும் அரிக்கும். மில்லுக்கு முன் கன ஊடகக் கழுவலுக்கு வரும்போதே மிதக்கும் மரத்தை அள்ளுவது மலிவான தீர்வு.

ரியாக்டர் அடியில் குட்டிக் குட்டி உருண்டைகள் சேர்கின்றன. அவை என்ன?

கால்சியம் கார்பனேட். இளம் நிலக்கரியில் கால்சியம் கல்லாக இல்லாமல் கார்பாக்சில் தொகுதிகளோடு உப்பாகப் பிணைந்திருக்கும். ஆகவே வாஷரியில் போகாது, சாதாரணச் சாம்பல் எண்ணைப் பார்த்தாலும் தெரியாது. ரியாக்டரில் அந்தத் தொகுதி உடையும்போது கரியமிலவாயுவோடு சேர்ந்து மணல்மணிகளைச் சுற்றிப் படலம் படலமாக வளர்கிறது. பழுப்பு நிலக்கரி ஓட்டிய ஜெர்மானியர்கள் இதற்குக் கேவியர் என்றே பேர் வைத்தார்கள், மீன்முட்டை மாதிரி இருப்பதால்.

நீர்த்த கந்தக அமிலத்தாலோ கந்தக டையாக்சைடாலோ முன்கூட்டி நனைத்தால் கால்சியம் சல்ஃபேட்டாகிவிடும், ரியாக்டரில் வளராது. அல்லது ரியாக்டர் அடியிலிருந்து அவ்வப்போது திடப்பொருளை இறக்க வழி வைக்க வேண்டும்.

குளோரின்?

ஹைட்ரஜன் குளோரைடாகி, குளிரும் இடத்தில் அமோனியம் குளோரைடாக உறைந்து வெப்பமாற்றியை அடைக்கும், அரிக்கும். ரூர் பகுதி நிலக்கரியை ஓட்டிய ஜெர்மானிய ஆலைகள் ஸ்லரியில் சிறிது சோடியம் சல்ஃபைடு சேர்த்தே சமாளித்தன. உப்புத் தண்ணீரில் கழுவும் வாஷரி இந்த நோயை விலைகொடுத்து வாங்குகிறது.

குவியலில் எத்தனை நாள் வைக்கலாம்?

குறைவாக. தீப்பிடிக்காவிட்டாலும் வெயிலிலும் மழையிலும் கிடந்த நிலக்கரி ஆக்சிஜனேறி, மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து, கரைவு குறையும். முதலில் வந்தது முதலில் போகட்டும்.

உச்சியிலிருந்து கொட்டும்போது பெரிய கட்டிகள் உருண்டு அடிவாரத்தில் சேரும், தூள் நடுவில் தங்கும். கட்டிகளின் இடுக்கு வழியே காற்று புகைபோக்கிபோல் உள்ளே ஏறி, தூளைத் தொடும் இடத்தில்தான் முதல் சூடு. அதனால் அடுக்கடுக்காகப் பரப்பி, புல்டோசரால் அழுத்தி, காற்று வீசும் பக்கத்துச் சரிவை இறுக்கி மூட வேண்டும். துளைக் குழாயில் 60 டிகிரி காட்டினால் அந்தப் பகுதியைத் தோண்டிப் பரப்பி ஆறவிடுங்கள். மேலே தண்ணீர் தெளிப்பது பலன் தராது. காய்ந்த இளம் நிலக்கரி நனையும்போதே இன்னும் சூடாகும்.

வாயு வழிக்கு இவ்வளவும் தேவையா?

தேவையில்லை, வேறு கண்டிப்புகள் உண்டு. செகுண்டாவில் ஓடுவதுபோன்ற நிலைப்படுகை வாயுவாக்கிக்குக் கட்டிதான் வேண்டும், சுமார் 5 முதல் 50 மில்லிமீட்டர். தூள் கலந்தால் படுகையில் வாயு ஒரே பக்கமாகத் துளைத்துக்கொண்டு ஏறும். சலித்த தூள் நீராவிப் பாய்லருக்குப் போகிறது. சாம்பல் 30 சதவீதம் இருந்தாலும் ஓடும், ஆனால் அது உருகாமல் உதிரியாக விழ வேண்டும்.

உலர்தூள் ஊதும் வாயுவாக்கியில் சாம்பல் உருகித்தான் ஆக வேண்டும். தூள் 90 மைக்ரான் அளவுக்கு அரைத்து, ஈரம் 2 சதவீதத்துக்கு இறக்கியிருக்க வேண்டும், இல்லையேல் தொட்டியிலிருந்து சீராக இறங்காது. தண்ணீர் ஸ்லரி வகையில் நிலக்கரி 60 முதல் 70 சதவீதம் ஏற்ற வேண்டும். ஒரே அளவுத் துகளால் அது முடியாது. பெரிய துகளின் இடுக்கைச் சிறியது நிரப்புமாறு இரண்டு அளவில் அரைக்க வேண்டும். சாம்பல் 1,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றால் சுண்ணாம்புக்கல் சேர்ப்பார்கள்.

ஒரு நிலக்கரி கரையுமா என்று ஆய்வகத்தில் மலிவாகப் பார்க்க வழி உண்டா?

சிறிய ஆட்டோகிளேவ் போதும். தூள் ஒரு பங்கு, ஹைட்ரஜன் கொடுக்கும் கரைப்பானான டெட்ராலின் இரண்டு பங்கு, இரும்பு வினையூக்கி, கந்தகம். குளிர்நிலையில் 70 முதல் 100 பார் ஹைட்ரஜன் ஏற்றி, 425 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆறியதும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கழுவி வடிகட்டி, மீந்ததை உலர்த்தி அதன் சாம்பலை அளக்கவும்.

கரைவைச் சாம்பலை வைத்தே கணக்கிடலாம். முதல் நிலக்கரியில் சாம்பல் 8, மீந்ததில் 50 சதவீதம் என்போம். 8-ஐ மீந்ததின் கரிமப் பங்கான 50-ஆல் பெருக்கினால் 400. 50-ஐ முதல் நிலக்கரியின் கரிமப் பங்கான 92-ஆல் பெருக்கினால் 4,600. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.087, அது கரையாத பங்கு. கரைவு 91.3 சதவீதம். வடிதாளில் கொஞ்சம் சிந்தினாலும் இந்தக் கணக்கு கெடாது. ஆனால் போட்ட வினையூக்கியின் இரும்பும் மீந்த சாம்பலில் சேர்ந்திருக்கும். அதைக் கழிக்காமல் எழுதினால் சாம்பல் குறைந்த நிலக்கரிக்கெல்லாம் கரைவு வஞ்சகமாகக் கூடித் தெரியும்.